கல்லீரலின் போர்ட்டல் சிரையில் காற்று: காரணங்களும் நோயறிதலும், படிப்படியான முழு வழிகாட்டி

சி.டி. ஸ்கேன் அறிக்கையில், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் காற்று தென்படுவதாக ஒரு வரி இருந்தால், அதைப் படிக்கும் மருத்துவர் முதலில் கவலைப்படுவது நோயாளியின் குடலைப் பற்றித்தான். இந்தக் காற்று தனியொரு நோயன்று. வயிற்றுக்குள் வேறெங்கோ நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் அடையாளம். அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் அழுகலாகவும் இருக்கலாம். முந்தைய நாள் செய்த பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனையின் தீங்கற்ற பின்விளைவாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறியும் முறையை, சிங்கப்பூரில் தாதிமை, கதிரியக்கத் துறைகளில் பயிலும் தமிழ் மாணவர்களையும், அவசர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரின் அருகில் அமர்ந்து மருத்துவர் சொல்வதைத் தமிழில் விளக்க வேண்டியிருக்கும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வரும் இரத்தம் நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. குடலிலிருந்து வரும் மேல் மெசென்டெரிக் சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்தின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து போர்ட்டல் சிரையாகி, கல்லீரலுக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கல்லீரலின் விளிம்பு வரை செல்கின்றன. கல்லீரலுக்குக் கிடைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழியாகவே வருகிறது. ஆகவே குடல் சுவரில் இருக்கும் நுண்ணிய சிரை ஒன்றில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால், ஓட்டத்தோடு சேர்ந்து அது கல்லீரலின் ஓரப் பகுதிகளுக்குப் போய்ச் சேரும். பித்தமோ கல்லீரலின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி வடிகிறது. இந்த எதிரெதிர்த் திசைகளை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் படங்களைப் படிக்கும்போது குழப்பம் பெரிதும் குறையும்.

இரண்டாம் படி: காற்று உள்ளே புகும் வழிகளை அறியுங்கள்

மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. குடலின் உட்சவ்வு சிதைந்து, குடலுக்குள் இயல்பாகவே இருக்கும் காற்று சுவருக்குள் கசிந்து சிரைக்குள் செல்வது ஒன்று. சவ்வு பெருமளவு நலமாக இருந்தாலும், குடலடைப்பினாலோ உள்நோக்குக் கருவி வழியே செலுத்தப்படும் காற்றினாலோ உள்ளழுத்தம் மிகுந்து, காற்று சுவருக்குள் தள்ளப்படுவது மற்றொன்று. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் குடல் சுவரிலோ, வயிற்றறைச் சீழ்க்கட்டியிலோ, சீழ்பிடித்த போர்ட்டல் சிரையிலோ பெருகி, அங்கேயே வாயுவைத் தோற்றுவிப்பது மூன்றாவது. நடைமுறையில் இவை தனித்தனியாக நிற்பதில்லை. இரத்தம் கிடைக்காத குடலில் சவ்வு சிதையும், குடல் உப்பி அழுத்தம் கூடும், கிருமிகளும் சுவருக்குள் இறங்கும். மூன்றும் ஒரே நோயாளியிடம் ஒரே இரவில் நடக்கலாம்.

மூன்றாம் படி: காரணங்களை ஆபத்தின் வரிசையில் எண்ணிப் பாருங்கள்

இந்தக் காற்று முதன்முதலில் 1955ஆம் ஆண்டில் குழந்தைகளிடமும், 1960இல் பெரியவர்களிடமும் விவரிக்கப்பட்டது. 1978இல் 64 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் 75 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். குடல் அழுகலே 72 விழுக்காட்டினருக்குக் காரணமாக இருந்தது. 2001இல் 182 நோயாளிகளைத் தொகுத்தபோது இறப்பு 39 விழுக்காடாகவும், குடல் அழுகலின் பங்கு 43 விழுக்காடாகவும் குறைந்திருந்தன. சிகிச்சை முன்னேறியது ஒரு காரணம் என்றாலும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத சிறு அளவுக் காற்றையும் சி.டி. காட்டத் தொடங்கியதால் தீங்கற்ற நிலைகளும் கணக்கில் சேர்ந்தன என்பதே பெரிய காரணம். குடல் அழுகலோடு சேர்ந்து வரும்போது இதன் ஆபத்து இன்றும் மிக அதிகம். பழைய எண்ணைப் பார்த்து நம்பிக்கை இழப்பதும், புதிய எண்ணைப் பார்த்து அசட்டையாக இருப்பதும் இரண்டுமே தவறு என்று கருதுகிறேன்.

முதலில் நினைக்க வேண்டியது குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபடுவது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு இதயத்தில் உருவாகும் இரத்தக்கட்டி, குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மேல் மெசென்டெரிக் தமனியில் போய் அடைத்துக்கொள்ளலாம். தமனித் தடிப்பு உள்ளவர்களுக்கு அந்த இடத்திலேயே இரத்தக்கட்டி உருவாகலாம். சிரைப் பக்கத்திலும் அடைப்பு ஏற்படலாம். எந்தக் குழாயும் அடைபடாமலேயே, இரத்த அழுத்தம் நீண்ட நேரம் தாழ்ந்திருப்பதால் மட்டும் குடல் வாடிவிடுவதும் உண்டு. இந்தக் கடைசி வகையைச் சிங்கப்பூரில் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர்கள் நம் சமூகத்தில் நிறைய இருக்கிறார்கள். டயாலிசிஸின்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, வீடு திரும்பிய பிறகு அவருக்கு வயிற்று வலி தொடங்கினால், களைப்பு என்றோ மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ விட்டுவிடக் கூடாது.

அடுத்து வருபவை குடலடைப்பு, குடல் முறுக்கு, குடலிறக்கத்தில் குடல் சிக்கி நெரிபடுதல் ஆகியவை. டைவர்டிகுலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் பைகளின் அழற்சி, குடல்வால் அழற்சி, வயிற்றறைச் சீழ்க்கட்டி, இவற்றிலிருந்து கிருமி பரவிப் போர்ட்டல் சிரையே சீழ்பிடித்தல், கணையத்திலோ இரைப்பைச் சுவரிலோ வாயு உண்டாக்கும் கிருமித்தொற்று ஆகியவை வேறொரு குழு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் ஆகிய நாள்பட்ட குடல் அழற்சிகள், இரைப்பைப் புண், வயிற்றில் பலமான அடி, அரிக்கும் இரசாயனத்தை விழுங்குதல் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

ஆபத்து குறைந்த காரணங்களில் முதன்மையானவை மருத்துவச் செயல்முறைகளே: பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனை, பித்தநாள உள்நோக்குச் சிகிச்சை, வயிற்றின் வழியே உணவூட்டும் குழாய் பொருத்துதல், கல்லீரல் கட்டிகளுக்கான சில சிகிச்சைகள். இரைப்பை அளவுக்கு மீறி உப்பிப்போவதாலும் இது வரலாம். மருந்துகளையும் கேட்டறிய வேண்டும். நீரிழிவுக்காகத் தரப்படும் அகார்போஸ் போன்ற மருந்துகள், மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று புளித்து வாயுவைக் கூட்டச் செய்வதால், குடல் சுவரில் காற்றையும் அரிதாகப் போர்ட்டல் சிரையில் காற்றையும் ஏற்படுத்தியுள்ளன. ஸ்டீராய்டு மருந்துகளும் புற்றுநோய்க்கான கீமோதெரப்பியும் குடல் சவ்வைப் பலவீனப்படுத்துகின்றன.

அரிதானாலும் இங்கே பொருத்தமான இன்னொன்று ஆழ்கடல் முக்குளிப்பு. வார இறுதியில் மலேசியாவின் தியோமான் தீவுக்குச் சென்று முக்குளித்துத் திரும்பும் இளையர்கள் பலர். மிக விரைவாக மேலே வந்ததால் அழுத்தக் குறைவு நோய் ஏற்பட்ட ஒருவரிடம், இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகிப் போர்ட்டல் சிரையிலும் காணப்படலாம். அப்படிப்பட்டவருக்குத் தேவை உயரழுத்த ஆக்சிஜன் அறை. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனி மையமே இருக்கிறது. முக்குளித்த விவரத்தை நோயாளி தாமாகச் சொல்லாமல் போகலாம், கேட்டால்தான் வெளிவரும்.

நான்காம் படி: வீட்டிலேயே அறிய வேண்டிய எச்சரிக்கை

போர்ட்டல் சிரையில் இருக்கும் காற்றுக்கென்று தனி அறிகுறி எதுவும் கிடையாது. நோயாளி உணர்வது அதன் காரணத்தைத்தான். குடலுக்கு இரத்தம் குறையும்போது வரும் வலியின் தன்மை ஏமாற்றக்கூடியது. நோயாளி தாங்க முடியாமல் துடிப்பார். ஆனால் கையை வைத்து அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கும். அழுத்தினால் அவ்வளவாக வலிக்கவில்லையே, வாயுத் தொல்லையாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுப்பதும், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதும் நம் வீடுகளில் வழக்கம். வயிறு கல்லாக இறுகும்போது குடல் அழுகத் தொடங்கியிருக்கக்கூடும். அதுவரை காத்திருப்பது மிகப் பெரிய இழப்பில் முடியலாம்.

திடீரென்று தொடங்கிக் குறையாமல் நீடிக்கும் கடும் வலி, வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் மலமும் வெளியேறாமை, மலத்தில் இரத்தம், குளிர்ந்து வியர்த்தல், மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 995ஐ அழைத்து அவசர மருத்துவ வாகனத்தை வரவழையுங்கள். 1777 அவசரமற்ற நிலைகளுக்கானது, இதற்குப் பொருந்தாது. பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்துக் காத்திருப்பதும் இந்த நிலையில் வேண்டாம். இந்நோயைக் கண்டறியத் தேவையான சி.டி. பரிசோதனையும் அறுவைச் சிகிச்சைக் குழுவும் மருத்துவமனையில்தான் இருக்கும். புறப்படும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்தைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார், அல்லது எத்தனை நாளாகச் சாப்பிடாமல் விட்டார் என்பது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்வதும் நல்லது.

ஐந்தாம் படி: படுக்கையருகில் செய்யப்படும் பரிசோதனை

நாடித் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்பதோடு வயிற்றில் பழைய அறுவைத் தழும்புகள் உள்ளனவா என்றும், கவட்டில் குடலிறக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கப்படும். கூச்சத்தால் கவட்டுப் பகுதியைக் காட்ட மறுக்கும் மூத்தோருக்கு அதன் தேவையைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். நெரிபட்ட குடலிறக்கம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வயிறு பலகைபோல் இறுகியிருந்தாலோ, அழுத்திய கையை எடுக்கும்போது வலி கூடினாலோ, வயிற்றறை உறையில் அழற்சி பரவிவிட்டது என்று பொருள்.

இரத்தப் பரிசோதனைகளில் வெள்ளணு எண்ணிக்கை, இரத்தத்தின் அமிலத்தன்மை, லேக்டேட், சிறுநீரகச் செயல்பாடு, கணைய நொதியான அமைலேஸ், உறைதல் நேரம், கிருமி வளர்ப்பு ஆகியவை அடங்கும். லேக்டேட் கூடியிருந்தால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்ற ஐயம் வலுக்கிறது. ஆனால் தொடக்க நிலையில் அது இயல்பாகவே இருக்கலாம் என்பதால், இயல்பான லேக்டேட்டை வைத்துக் குடல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மறுபக்கம், சிறுநீரகம் பழுதடைந்த நிலையில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தைச் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தே லேக்டேட்டைக் கூட்டக்கூடும். எந்த ஒரு எண்ணையும் தனியாக நம்பக் கூடாத இடம் இது.

ஆறாம் படி: சரியான படத்தைத் தேர்ந்தெடுத்தல்

எக்ஸ்ரேயில் கல்லீரலின் ஓரத்தில் கிளைவிட்ட கருங்கோடுகளாகக் காற்று தெரியும். ஆனால் காற்று மிகுதியாக இருந்தால்தான் தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் இந்நிலை இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

அல்ட்ராசவுண்ட் கதிர்வீச்சு இல்லாதது, படுக்கையருகிலேயே செய்யக்கூடியது, சிறிய குமிழ்களையும் பிடிப்பது. திரையில் போர்ட்டல் சிரையின் கரிய குழாய்க்குள் வெண்ணிறப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரத்த ஓட்டத்தோடு கல்லீரலை நோக்கி ஓடுவதைக் காணலாம். சிரையின் நுண்கிளைகளில் அவை தங்கிவிட்ட இடங்களில் கல்லீரல் திசு ஒழுங்கற்ற வெண்திட்டுகளாகத் தெரியும். இரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் டாப்ளரை இயக்கினால், போர்ட்டல் சிரைக்குரிய சீரான அலையின் மேல் இரு திசைகளிலும் கூர்மையான கீற்றுகள் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு கீற்றும் குமிழ் ஒன்று கடந்துபோனதன் தடம். அசைவது கண்ணுக்கே தெரிவதால், இது பித்தநாளத்துக்குள் இருக்கும் காற்றா என்ற ஐயத்துக்கு இங்கே இடம் குறைவு. எனினும் குடல் உப்பியிருந்தால் பார்வை மறைந்துவிடும். காரணத்தையும் அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் சொல்லாது.

முடிவைத் தருவது சி.டி. குடல் இரத்த ஓட்டக் குறைவு சந்தேகிக்கப்பட்டால், சிரை வழியாகச் சாயமருந்து செலுத்தி, சாயம் தமனிகளில் இருக்கும்போதும் சிரைகளை அடைந்த பிறகும் படம் எடுக்கப்படும். வாய்வழிச் சாயமருந்து தேவையில்லை. அதைக் குடிக்கவைத்துக் காத்திருப்பது நேரத்தை வீணாக்கும், குடல் சுவரைப் படிப்பதையும் கடினமாக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாயமருந்து கொடுக்கலாமா என்று குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பே. ஆனால் குடல் அழுகும் ஐயம் வலுவாக இருக்கும்போது, தாமதத்தின் தீங்கு சாயமருந்தின் தீங்கைவிடப் பெரியது என்பதே அவசர அறுவைத் துறையின் நிலைப்பாடு. மருத்துவர் இதை விளக்கிச் சம்மதம் கேட்டால் நீண்ட நேரம் தயங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏழாம் படி: போர்ட்டல் காற்றா, பித்தநாளக் காற்றா?

நோயறிதலில் அதிகம் குழப்பம் ஏற்படும் இடம் இதுதான். போர்ட்டல் சிரைக் காற்று இரத்தத்தோடு வெளிநோக்கிப் போவதால், மெல்லிய கிளைகளாகக் கல்லீரல் உறையிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வரை சென்று சேரும். பித்தநாளக் காற்று நடுப்பகுதியில், கல்லீரல் வாயிலுக்கருகே தடித்த குழாய்களாகத் தங்கும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது கல்லீரலின் இடப்பகுதி மேலே இருப்பதால், போர்ட்டல் காற்று பெரும்பாலும் இடப்பக்க முன்பகுதியிலேயே முதலில் தெரியும். சிறிதளவு காற்று வழக்கமான வயிற்றுச் சாளரத்தில் (திரையில் படத்தின் ஒளி, நிற வேறுபாட்டு அமைப்பைச் சாளரம் என்பார்கள்) கொழுப்போடு கலந்து மறைந்துவிடும் என்பதால், படத்தை நுரையீரல் சாளரத்துக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்ப்பது பயிலும் மாணவர்கள் கைவிடக் கூடாத பழக்கம்.

முன்வரலாறும் கைகொடுக்கும். பித்தநாள வாயிலை வெட்டி விரிக்கும் சிகிச்சை பெற்றவர், பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், பித்தநாளத்தைக் குடலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோரிடம் பித்தநாளக் காற்று எதிர்பார்க்கத் தக்கதே. கல்லீரல் சீழ்க்கட்டிக்குள் இருக்கும் வாயுவையும் பிரித்தறிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்களைத் தாக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற நுண்ணுயிரி சிங்கப்பூரிலும் கிழக்காசியாவிலும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கு நன்கறியப்பட்ட காரணம். அது வாயுவையும் உண்டாக்கும். அங்கே காற்று கிளைவிட்டுப் பரவாமல் சுவருடைய குழியொன்றுக்குள் அடைபட்டிருக்கும்.

எட்டாம் படி: குடலுக்குத் திரும்புங்கள்

காற்று போர்ட்டல் சிரையில்தான் என்று உறுதியானதும் அறிக்கையை அங்கே முடித்துவிடக் கூடாது. மேல் மெசென்டெரிக் தமனியைப் பெருந்தமனியில் தொடங்கும் இடத்திலிருந்து கிளைகள் வரை தொடர்ந்து பார்த்து, சாயமருந்து எங்கே நின்றுபோகிறது என்று தேட வேண்டும், சிரையையும் அவ்வாறே. குடல் சுவர் சாயத்தை ஏற்கிறதா? பக்கத்துக் குடல் வளையங்கள் வெண்மையாக ஒளிரும்போது ஒரு வளையம் மட்டும் சாம்பல் நிறமாகவே கிடந்தால், அதற்கு இரத்தம் போகவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. தமனி அடைப்பில் சுவர் தாள்போல் மெலியும். சிரை அடைப்பில் நீர்கோத்துத் தடிக்கும்.

குடல் சுவருக்குள் காற்று இருக்கிறதா என்பதும் முக்கியம். சுவரை ஒட்டிப் பட்டைபோல் நீளமாகப் படர்ந்திருக்கும் காற்று, தனித்தனிக் குமிழ்களாக இருப்பதைவிட அழுகலோடு அதிகம் தொடர்புடையது. ஆனால் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் மலத்துக்கும் சுவருக்கும் இடையே சிக்கிய காற்று சுவருக்குள் இருப்பதுபோல் ஏமாற்றும். குடலைச் சுற்றிய கொழுப்பு கலங்கியிருத்தல், வயிற்றறையில் நீர், குடலுக்கு வெளியே தனிக்காற்று, இரு முனையும் அடைபட்ட குடல் வளையம் ஆகியவற்றையும் ஒன்றுவிடாமல் தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: முடிவெடுத்தல்

வயிற்றறை அழற்சிக்கான அடையாளங்களோ, குடல் இறந்ததற்கான சி.டி. சான்றோ இருந்தால், நோயாளியின் உடல்நிலை தாங்குமானால் உடனடியாக அறுவைச் சிகிச்சை. அழுகிய பகுதி வெட்டியெடுக்கப்படும். அடைபட்ட தமனி திறக்கப்படும். மீதமுள்ள குடல் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் உண்டு. இதற்கிடையே சிரைவழித் திரவம், ஆக்சிஜன், மூக்குவழிக் குழாய், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவை தொடங்கப்பட்டுவிடும். தமனி முழுதும் அடைபட்டும் குடல் இன்னும் இறக்கவில்லை என்றால், இரத்தநாளத்தின் வழியாகவே இரத்தக்கட்டியை அகற்றும் சிகிச்சைக்கும் இடமுண்டு.

உள்நோக்குப் பரிசோதனைக்குப் பிறகு தற்செயலாகக் காற்று தெரிந்து, வயிறு மென்மையாகவும் லேக்டேட் இயல்பாகவும் குடல் சுவர் நன்கு ஒளிர்ந்தும் இருந்தால், அறுவை வேண்டாம். ஆனால் கண்காணிப்பு வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்வதும் அந்தக் கண்காணிப்பின் உயிர்நாடி. கடினமானவை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் நோயாளிகள்தாம்: நினைவு தெளிவில்லாத முதியவர், ஸ்டீராய்டு சாப்பிடுவதால் வலி மழுங்கியவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தில் இருப்பவர். இவர்களிடம் வயிறு உண்மையைச் சொல்லாது என்பதால், குடலிரைப்பை அறுவை மருத்துவரை முன்கூட்டியே அழைத்துவிடுவதும், தேவைப்பட்டால் சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் குடலை நேரில் பார்த்துவிடுவதும் நல்லது.

குறைமாதக் குழந்தைகள்

1955இல் இந்நிலை முதலில் அறியப்பட்டது குழந்தைகளிடம்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வரும் நெக்ரோட்டைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்ற குடல் அழற்சியில் வயிறு உப்பும், பால் செரிக்காமல் தங்கும், மலத்தில் இரத்தம் வரும், குழந்தை சோர்ந்துபோகும். எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் இங்கே முதன்மைக் கருவிகள். போர்ட்டல் சிரையில் காற்று தென்பட்டால் நோய் உறுதியான நிலையை எட்டிவிட்டது என்று பொருள். பால் கொடுப்பது நிறுத்தப்பட்டு, இரைப்பை குழாய்மூலம் வடிக்கப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்படும். குடல் துளைபட்டாலன்றிப் பல குழந்தைகள் அறுவையின்றியே தேறுகிறார்கள். தொப்புள் சிரை வழியாகக் குழாய் போட்ட குழந்தைக்கு அந்தக் குழாய் மூலமே சிறிது காற்று புகுந்திருக்கக்கூடும் என்பதால், குழாய் எப்போது போடப்பட்டது என்பதையும் படம் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருத்துவர்கள் முடிவுக்கு வருவார்கள். பெற்றோர் அதுபற்றித் தயங்காமல் கேட்கலாம்.

வீடு திரும்பும் முன்

காரணம் நீங்கியதும் போர்ட்டல் சிரைக் காற்று தானாகவே மறைந்துவிடும். அதைக் கரைக்கத் தனி மருந்து எதுவும் இல்லை. ஆனால் காரணம் மீண்டும் வரலாம். இதயத்திலிருந்து வந்த இரத்தக்கட்டியால் அடைப்பு ஏற்பட்டிருந்தால் இரத்தத்தை இளக்கும் மருந்து எவ்வளவு காலம் தொடர வேண்டும், டயாலிசிஸில் அழுத்தம் இறங்கியதால் ஏற்பட்டிருந்தால் நீரை அகற்றும் அளவும் வேகமும் மாற்றப்பட்டனவா, அகார்போஸ் நிறுத்தப்பட்டிருந்தால் சர்க்கரைக்கு மாற்று மருந்து என்ன என்று மருத்துவமனையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேற்றக் குறிப்பின் ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடமும், டயாலிசிஸ் நிலையத்தில் இருக்கும் தாதியிடமும் அடுத்த அமர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.